வேறு வைத்தலும் பிரிந்து போதலும்

பிரிந்து போகிறேன் என்கிற பகுதியைப் போகட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? எதற்காகச் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பி ரத்தம் சிந்த வேண்டும்? நியாயமான கேள்விதான். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இதைக் கேட்டால், பதில் பர்மாவிலிருந்து தொடங்கும்.

1937 மார்ச் முடிய பர்மா இந்தியாவில் ஒரு மாகாணம். ஏப்ரல் முதல் தேதி அது தனி. வெள்ளைக்காரன் லண்டனில் இயற்றிய சட்டம் கோடு கிழித்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அப்போது கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு நகரத்தார் கையில் இருந்தது. கொடுக்கல் வாங்கலுக்குப் போனவர்கள் அவர்கள். நிலத்துக்காகப் போனவர்கள் அல்லர். 1930-ல் நெல் விலை விழுந்தது, கடன்பட்ட பர்மியக் குடியானவன் கையிலிருந்த வயல் இவர்கள் பேரேட்டில் ஏறியது. அவனுக்கு நம்மவர்கள் மீது ஆத்திரம் வந்ததில் நான் குறை காணமாட்டேன்.

ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் படுத்து எழுந்தவர்களுக்கு, மாகாணம் அயல்நாடான அன்று பெரிய வித்தியாசம் தெரிந்திராது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் பர்மாவுக்குச் சுதந்திரமும், அதே வருஷம் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டமும் வந்தன. எங்கள் அப்பத்தாவின் பெட்டகத்தில் அந்தக் காலத்துப் பத்திரங்கள் சில கிடந்தன. பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக அழகாயிருக்கும். பிள்ளைகளான எங்களுக்கு அவை வேடிக்கை பார்க்கும் காகிதங்கள்.

மண்ணாசையால்தான் சர்க்கார்கள் சண்டை போடுகின்றன என்று சொல்லிவிடுவது சுலபம். எண்ணெய்க் கிணறும் துறைமுகமும் காரணமாக இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் ஜனங்களையும், பாதியில் நிற்கும் கணக்குகளையும் என்ன செய்வது? அதைவிடப் பெரிய பயம், அடுத்தவனும் கேட்பானே என்பது. பிரிந்து போகிறவர்களுக்குள்ளேயே நாளை ஒரு கூட்டம் பிரிவேன் என்று கிளம்பும் என்று 1861-ல் ஆபிரகாம் லிங்கன் வாதாடினார்.

பர்மாவே இதற்குச் சாட்சி. ஷான், கரென்னி ராஜ்யங்கள் பத்து வருஷம் கழித்து, வேண்டுமானால் பிரியலாம் என்று 1947-ல் அவர்கள் வகுத்த அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தாராள மனசுதான்! பத்து வருஷத் தவணை 1958-ல் முடிந்தது. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது, நாடு சிதறிவிடும் என்பதும் சொன்ன காரணங்களில் ஒன்று. கரென் மக்களோடு 1949-ல் மூண்ட சண்டை இன்றுவரை ஓயவில்லை.

நம் ஊரில் ரத்தம் சிந்தாமலே விஷயம் முடிந்தது. 1962 மே மாதம் ராஜ்ய சபையில் அண்ணா திராவிட நாட்டுக்காகப் பேசினார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தது. 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்து, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது, 1967-ல் ஆட்சிக்கும் வந்தது. சட்டத்துக்கு அஞ்சித்தான் விட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். 1956-ல் மொழிவழி ராஜ்யம் கிடைத்திருந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

செட்டிநாட்டில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். அதே வளவு, அதே முகப்பு. அடுப்பு மட்டும் தனி, செலவுக் கணக்கும் தனி. வெளியூரார் இதைச் சண்டை என்று நினைப்பார்கள். சண்டை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது! கிழக்கு வங்காளத்தார் 1966-ல் ஆறு அம்சங்களாகக் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். பாகிஸ்தான் மறுத்தது, 1971-ல் வீடே இரண்டாயிற்று.

நம் சர்க்காரும் எல்லா இடத்திலும் பொறுமையாக இருந்துவிடவில்லை. மிசோக்கள் தனிநாடு என்று கிளம்பியபோது, 1966 மார்ச்சில் அய்ஸால் மீது நம் விமானங்களே குண்டு போட்டன. இருபது வருஷம் கழித்து, 1986-ல் உடன்பாடு ஆயிற்று. கலகத்துக்குத் தலைமை வகித்த லால்டெங்காவே அந்த வருஷம் முதலமைச்சராகப் பதவியேற்றார்.