தாத்தா வாட்ச்சுக்குள் ஒரு குட்டி யாழ்!

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் தெருக்கள் எல்லாம் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். 1794-ல் தீயில் அழிந்த ஊர் இது. அதன்பின், கடிகாரத் தொழிலாளியின் மேஜைக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்படி மறுபடி கட்டினார்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

1930-களில் 'இன்காபிளாக்' பிறந்ததும் இங்கேதான். சாவி கொடுக்கும் வாட்ச்சில் முன்னும் பின்னும் ஆடுமே ஒரு சக்கரம், அதன் அச்சு முனை தலைமுடி அளவுதான். வாட்ச் கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். அந்த முனையைத் தாங்கும் கல்லை இறுக்கிப் பொருத்தாமல், யாழ் வடிவ ஸ்பிரிங்கால் பிடித்துவைத்தார்கள். அதிர்ச்சியில் கல் சற்றே நகரும். ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளும். அச்சு தப்பிக்கும்!

தாத்தாவின் பழைய வாட்ச்சை சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்களா? கடைக்காரரிடம் லென்ஸ் வாங்கிப் பாருங்கள். அந்த யாழ் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.