ஆடியில் வால்பாறை

பொள்ளாச்சியில் நல்ல வெயில். ஆடிக்காற்று தென்னந்தோப்புகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கடைவாசல் தார்ப்பாய்கள் படபடத்தன. தரையில் பொட்டு ஈரம் கிடையாது. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் ஆனைமலைத் தொடரின் முடி முழுக்கக் கருமேகம். மலை விளிம்பை ஒட்டி நின்றதே தவிர, இந்தப் பக்கம் அது இறங்கவே இல்லை. வால்பாறைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் என் மடியிலிருந்த கேமராப் பையைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, இந்த மழையில மேல போயி என்னத்தைங்க போட்டோ எடுப்பீங்க? ஒண்ணும் தெரியாதுங்களே. தை, மாசியில வந்தீங்கன்னா பளிச்சுனு இருக்குமுங்க.”

அவருக்கு மழைமேல் கோபம் ஒன்றும் இல்லை. தென்னந்தோப்புக்காரர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தை நம்பி வாழ்கிற எல்லாரையும்போல, காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணை மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பாராம். “சோலையாறு நூத்தியறுபதைத் தொட்டுட்டா அந்த வருசம் நிம்மதிங்க” என்றார். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிப்போகும் தண்ணீரை மலைக்குள்ளேயே மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலத்துக்குக் கொடுக்கும் திட்டம் அது. ஆக, தோப்புக்கு இது நல்ல வானிலை, படம் எடுக்க மட்டும் ஆகாத வானிலை. பெரியவர் அப்படி நினைத்தார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

தை மாதத்திலும் வால்பாறைக்குப் போயிருக்கிறேன். நீல வானம், சீராக வெட்டிவிட்ட தேயிலை, வளைந்து போகும் தார்ச்சாலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களை மூணாறு, குன்னூர் படங்களோடு கலந்து வைத்துவிட்டால் எது எந்த ஊர் என்று எடுத்த நானே தடுமாறுவேன். வால்பாறையை வால்பாறையாக ஆக்கியது தென்மேற்குப் பருவமழை. இங்கிருந்த மழைக்காடு, வெள்ளைக்காரர் காலத்தில் அந்தக் காட்டை வெட்டிப் போட்ட தேயிலை, தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்குகள், காலைக் கவ்வும் அட்டை, பெரியவர் கணக்குப் பார்க்கும் அணை எல்லாமே அந்த மழையால் வந்தவை. மழை இல்லாத படத்தில் ஊர் இருக்கும், ஊருக்கான காரணம் இருக்காது.

ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 40, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. கீழ் வளைவுகளில் பாறையும் காய்ந்த புல்லும்தான். 9-ஆவது வளைவருகே வரையாடுகள் சாலையோரச் சுவரில் ஏறி நின்றன. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. அட்டகட்டியை நெருங்கும்போது வெளிச்சம் குறைந்தது. ஒவ்வொருவராக ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். வாட்டர்பால்ஸ் எஸ்டேட்டில் சாரல் பிடித்தது. கவர்க்கல்லில் ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்தபடி நடைவேகத்தில் ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தில் மழைமறைவுப் பகுதி என்று படித்ததை இந்தச் சாலை ஒரு முற்பகலில் நேரில் காட்டிவிடும். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குச் சரிவில் முட்டி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி மிச்ச மேகமும் கரைகிறது. பொள்ளாச்சியிலிருந்து பார்த்தபோது அசையாமல் நின்ற அந்தக் கருமேகம் உண்மையில் அந்தப் பக்கம் பிறந்து பிறந்து இந்தப் பக்கம் மறைந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் மலைக்கு அந்தப் புறம். வெயிலில் காயும் ஆழியாறு இந்தப் புறம். பேருந்து இவற்றுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கவர்க்கல்லில் இறங்கிக்கொண்டேன்.

முதலில் பெரியவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஒன்றும் தெரியாது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு மரங்கள் வருகின்றன. தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள். அருகில் நிற்பது கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் வெளிறிய சாம்பல், கடைசியில் மரமா மேகமா என்று பிரிக்க முடியாத ஒரு கோடு. வெயில் நாளில் இதே மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு ஒரே பச்சைக் குழப்பமாக இருக்கும். மேகம் இடையே புகுந்து ஒவ்வொன்றையும் தனித்து நிறுத்திவிட்டது. மேகத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. நமக்கும் மரத்துக்கும் நடுவே எவ்வளவு மேகம் இருக்கிறதோ அவ்வளவுக்கு மரம் வெளிறும். தட்டையான படத்தில் தூரத்தைக் காட்ட இதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

நிறத்துக்கும் மழை நாளே நல்லது. வெயிலில் ஒவ்வொரு தேயிலையிலும் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கும். அவை ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்து பச்சையை அமுக்கிவிடும். மேகம் மூடிய வானம் எல்லாப் பக்கமிருந்தும் மெல்ல வெளிச்சத்தை இறக்குகிறது. கருநிழல் விழுவதில்லை. ஈர இலையில் ஒட்டியிருக்கும் பளபளப்பைப் போலரைசரைத் திருப்பிக் குறைத்தால் அடியிலிருந்து பச்சை எழும்பி வரும். மரப்பட்டை, பாசி, செம்மண் எல்லாம் நனைந்து அடர்த்தியாகியிருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கேமராவின் ஒளிமானி எதிரே எது இருந்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொள்ளும். அதன் போக்கில் விட்டால் மேகம் அழுக்காக வரும். ஒரு ஸ்டாப் அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டினால்தான் அந்த வெண்மை கிடைக்கும். ஆட்டோ ஃபோகஸும் பிடிப்பதற்கு விளிம்பு இல்லாமல் அலையும், கையால் திருகுவதே நல்லது. மற்றபடி பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். லென்ஸ் ஹூட், ஒரு குடை, கேமராமேல் மாட்ட ஒரு பிளாஸ்டிக் உறை, நாலைந்து பருத்தித் துணிகள் போதும். திரும்பி வந்ததும் ஈரத்தோடு பையில் போட்டு மூடிவிடக் கூடாது. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

ஆன்சல் ஆடம்ஸின் ‘கிளியரிங் விண்டர் ஸ்டார்ம்’ படத்தை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோதே மழை நாளில் படம் எடுக்கும் இந்த ஆசை எனக்குள் விழுந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பெருமழையாகத் தொடங்கிப் பனிப்பொழிவாக மாறிய புயல், நண்பகல் வாக்கில் விலகத் தொடங்கியபோது எடுத்தது. அதே இடத்தில் தெளிந்த நாளில் நின்று படம் எடுத்தவர்களுக்குக் கணக்கே இருக்காது. எல் கேபிடன் பாறையும் பிரைடல்வெயில் அருவியும் அவர்கள் படத்திலும் உண்டு. ஆடம்ஸின் படத்தில் மேகம் பாறையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஏதோ நடக்கிறது, பார்க்கிற நமக்கும் மூச்சு ஒரு நொடி நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். புயல் எங்கே விலகும், எப்போது விலகும் என்று அறிந்து காத்திருக்கும் உரிமை அந்த வாழ்க்கையால் வந்தது என்று நினைக்கிறேன். ஊருக்குப் புதிதாக வருகிற என்னைப் போன்றவர்களுக்குக் காத்திருப்பு மட்டும்தான் கையிருப்பு.

மறுநாள் முடீஸ் வழியாக நல்லமுடி பூஞ்சோலைக்குப் போனேன். தேயிலை முடிந்து பள்ளத்தாக்கு தொடங்கும் விளிம்பு அது. வானம் வெளுத்த நாளில் எதிரே மூணாறு மலைகளும் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் தெரியும். நான் போனபோது பத்தடிக்கு அப்பால் வெறும் வெண்மை. அடியில் எங்கோ தண்ணீர் விழும் ஓசை மட்டும் வந்தது. முக்காலியை ஊன்றி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். கார்களில் வந்தவர்கள் இறங்கி, எட்டிப் பார்த்து, “ஒண்ணுமே இல்லப்பா” என்று திரும்பிப் போனார்கள். இரண்டு முறை மழை வலுத்தது. கால்விரல்கள் மரத்துப்போயின.

நண்பகலுக்குப் பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது. வெண்மைக்கு நடுவே ஒரு கறுப்புப் பிசிறு தெரிந்தது. அது அகன்று காட்டுச் சரிவின் ஒரு துண்டாயிற்று. அந்தத் துண்டில் செங்குத்தாக ஓர் அருவி. எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை, எங்கே போய்ச் சேர்கிறது என்றும் தெரியவில்லை. அருவிக்கு இப்புறம் ஒரே ஒரு மரம், கிளையெல்லாம் பாசியோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் துலங்கியது. சில முறை ஷட்டரை அழுத்துவதற்குள் எல்லாம் மூடிக்கொண்டது. அன்று முழுவதும் ஆனைமுடி தெரியவில்லை. அதை நான் தேடவும் இல்லை. தெளிந்த நாளில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் திணறுவேன். இங்கே மேகம் எனக்காக ஒரு துண்டைத் தேர்ந்து காட்டியது. என்னால் இப்படித் தேர்ந்திருக்க முடியாது.

தொல்காப்பியர் முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார்காலம். பருவத்தைக் கழித்துவிட்ட வெறும் நிலம் அவர் கணக்கில் இல்லை. நிலக்காட்சி எடுக்கிறவர்கள் இதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் நிலத்தைத்தான் எடுக்கிறோம், பொழுதை விட்டுவிடுகிறோம்.

திரும்பும் வழியில் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்கு மடித்த கொங்காடை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் இன்னொரு தாள். மஞ்சளும் நீலமுமாக அந்தத் தாள்கள் மட்டும் மேகத்துக்குள் நகர்ந்தன. ரகுபீர் சிங் 1967-இல் பீகாரின் மோங்கீரில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்து ஒருவரோடொருவர் நெருங்கி நிற்கும் பெண்கள். சாலையிலிருந்தே எடுத்துவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மனம் வரவில்லை. வரப்பில் இறங்கி, “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“சாக்கும் சேறுமா நிக்கோம், இதுல என்னத்த எடுக்கப் போற தம்பி? மூஞ்சி தெரியுமா?”

“தெரியாதுக்கா. மேகமும் நீங்க நிக்கிறதும்தான் வரும்.”

“அப்ப எடுத்துக்க. கால்ல அட்டை ஏறிருக்கு பாரு, முதல்ல அதை எடு.”

குரலில் திருநெல்வேலி இருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து தேயிலைக்கென்று மலையேறிய குடும்பங்களின் பேத்திகள் இவர்கள். புகையிலையை நனைத்து என் கணுக்காலில் அவரே தேய்த்துவிட்டார். அட்டை சுருண்டு விழுந்தது. எனக்கு அரிதாகக் கிடைத்த இந்த வானிலையில் அவர்கள் மாதக்கணக்கில் காலை முதல் மாலை வரை நிற்கிறார்கள். படத்தில் அந்த நிற்பு தெரிய வேண்டும் என்பதற்காகவே அகலமான லென்ஸை விலக்கிவிட்டு, மேகம் அவர்களை எவ்வளவு சூழ்ந்திருக்கிறது என்று தெரியும்படி தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தேன். எடுத்ததைக் காட்டினேன். சிரித்துக்கொண்டார்கள்.

மழையைக் கொண்டாடி எழுதும்போது சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனதும் இதே மலைத்தொடரில், இதே பருவமழையில்தான். அங்கும் தேயிலைத் தோட்டங்கள், அங்கும் தொழிலாளர் குடியிருப்புகள். அதன் பிறகு என்னால் சரிவில் நின்று மழையை வெறும் வெளிச்சமாகப் பார்க்க முடிவதில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் மலையேறுவதில்லை, ஏறியிருந்தால் கிளம்பிவிடுவேன். வனத்துறை மூடிய பாதையில் கால் வைப்பதில்லை. மண் பிளந்த சரிவுக்குக் கீழே முக்காலி ஊன்றுவதில்லை. நமக்கு ஏதாவது ஆனால் மழையில் இறங்கி வந்து தேட வேண்டியவர்கள் அந்தத் தோட்டத்து மக்கள்தான். ஒரு படத்துக்காக அவர்களை அந்த நிலைக்கு ஆளாக்க எனக்கு உரிமை கிடையாது.

மாலையில் ரொட்டிக்கடை என்ற ஊரில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். கேமராவை வாங்கிப் பின்திரையை அடுப்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெறும் சாம்பல் படங்கள், ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவார் என்று எண்ணினேன். நல்லமுடி படங்களைச் சீக்கிரம் கடந்துவிட்டார். கவர்க்கல் மரங்கள் வந்ததும் விரல் நின்றது.

“இந்த மரம் தலை முறிஞ்சது போன வருசக் காத்துல. அன்னிக்குக் கரண்டு வர ரெண்டு நாளாச்சு.” இன்னும் உற்றுப் பார்த்தார். “மேகம் இப்படி வலமிருந்து ஏறுதுன்னா மத்தியானத்துக்கு முன்னால எடுத்திருப்பீங்க.”

சரியாகச் சொன்னார். வேறு எங்கே போகலாம் என்று கேட்டேன். சோலையாறு அணைப் பக்கம் விடியும்போது போகச் சொன்னார். தண்ணீர்மேல் மேகம் தவழ்ந்து வந்து அணைச்சுவரில் ஏறும் என்றார். போனில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்தேன். மறுநாளுக்கு மிதமான மழைதான்.

“முதல் பஸ் எத்தனை மணிக்குண்ணே?”

“அஞ்சரைக்கு. ரோட்டுல மரம் ஏதும் விழலைன்னா சரியா வந்துரும். நான் நாலரைக்கே பால் காய்ச்சிருவேன், வந்து ஒரு டீ குடிச்சிட்டு ஏறுங்க.”