நரம்புக்கும் மெட்டுக்கும் இடையே

நூலறிவு மட்டும் உடையவர் கைவினைஞர் முன்னிலையில் நாவை அடக்கிக்கொள்வது நன்று. இவ்வுண்மையை யாம் ஏட்டில் பலமுறை படித்திருக்கின்றோம், வகுப்பிலும் எடுத்துரைத்திருக்கின்றோம். எனினும் அதனை எமக்கு உணர்த்துதற்கு மின்சாரக் கிதார் ஒன்று வேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சியை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள இம்மலர் ஒரு வாய்ப்பாக அமைந்தது.

எம் தமக்கையாரின் கணவர் தச்சுத் தொழிலில் நாற்பதாண்டுப் பழக்கமுடையவர். கதவும் நிலையும் கட்டிலும் அவர் கைப்பட்டால் தனியழகு பெறும். அவர்தம் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலுங்கால், 2022ஆம் ஆண்டில், மின்சாரக் கிதார் வேண்டுமென்று விரும்பினான். விலையைக் கேட்ட தந்தையார், "மரத்தால் ஆனதுதானே, நானே செய்துவிடுகிறேன்" என்றார். இடித்த பழைய வீட்டின் தேக்கு நிலையிலிருந்து உடலும் கழுத்தும் செதுக்கினார். விரல் வைக்கும் பலகையை ஈட்டி மரத்தில் இழைத்தார். முறுக்காணிகள், காந்தச் சுருள்கள், பிரிட்ஜ், மெட்டுக்கம்பி ஆகியவற்றை மட்டும் விலைக்கு வாங்கினார். மூன்று திங்கள் உழைப்பில் கருவி உருவாயிற்று.

தந்தி பூட்டிய நாளில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. ஓசை இனிமையாகவே எழுந்தது. ஆயினும் பத்து மணித்துளிகளில் பையனின் விரல்நுனிகள் சிவந்து கன்றிவிட்டன. தந்திகள் மெட்டுகளுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றன. பன்னிரண்டாம் மெட்டின்மீது அளந்தபோது 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. மின்சாரக் கிதாரில் அவ்விடத்தில் தடித்த தந்திக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்கு ஒன்றரை மில்லிமீட்டரும் இருந்தால் போதும். இவ்வுயரத்தையே கிதார்க் கலைஞர் 'ஆக்‌ஷன்' என்பர்.

சீவக சிந்தாமணியில், தன்முன் கொணர்ந்த யாழ்களின் மரக்குற்றங்களைச் சீவகன் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து விலக்குவதை அறிவீர்கள். அப்பகுதியைப் பல்லாண்டு பாடம் நடத்திய செருக்கு எமக்கு இருந்தது போலும். கழுத்தை ஒரு கண்ணால் நோக்கினோம். சற்றே வளைந்திருக்கக் கண்டோம். "அத்தான், மரத்தில் குற்றம் இருக்கிறது" என்று எல்லார் முன்னிலையிலும் கூறிவிட்டோம். அவர் மறுமொழி பகரவில்லை. உளியையும் அரத்தையும் பையிலிட்டு எழுந்து சென்றார். கிதார் அலமாரியின் உச்சிக்கு ஏறியது. அதைப்பற்றித் தந்தையும் மகனும் பேசுவதையே விட்டனர். மூன்று திங்கள் உழைப்பும், அதனினும் பெரிதாகிய ஒரு தந்தையின் ஆசையும், எம் சொல் ஒன்றால் தூசு படிந்தன.

பழியை நாமே துடைத்தல் வேண்டும் என்று துணிந்தோம். துணிவிலும் முதற்கண் தவறே செய்தோம். தந்திகள் உயரமாக இருப்பதால் அவை தங்கும் இடத்தைத் தேய்த்தால் தாழுமன்றோ? கழுத்தின் தலைமாட்டில் 'நட்' எனப்படும் எலும்புக் கட்டையில் தந்திகள் பள்ளம் பற்றிச் செல்லும். மருமகனும் யாமும் சிறிய அரத்தால் அப்பள்ளத்தை ஆழப்படுத்தினோம். மெல்லிய தந்தியின் பள்ளம் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லை கடந்தது. பிறகு அத்தந்தியை வெறுமனே மீட்டினாலே முதல் மெட்டில் மோதி இரைந்தது. தேய்த்த எலும்பு மீண்டும் வளராது. "மாமா, இருந்ததும் போயிற்று" என்று பையன் சொன்னபோது எம் முகம் வாடிற்று.

அதன் பின்னரே கருவியின் அமைப்பை முறையாகக் கற்கத் தலைப்பட்டோம். கற்றது வியப்பை விளைத்தது. ஆறு தந்திகளும் சுருதி சேர்ந்து நிற்கையில் கழுத்தின்மீது ஏறத்தாழ 45 கிலோகிராம் இழுவிசை செலுத்துகின்றன. எத்தகைய நல்ல மரமும் அவ்விசைக்குச் சிறிது முன்வளைந்தே தீரும். இதனை எதிர்த்து நிற்பதற்காகவே கழுத்தினுள் 'ட்ரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி புதைக்கப்படுகிறது. திருகித் திருகிச் சரிசெய்யத்தக்க இக்கம்பிக்குக் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார். அத்தான் அக்கம்பியை வாங்கிப் புதைத்திருந்தார். ஆனால் அதனை முறுக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. யாம் கண்ட வளைவு மரத்தின் குற்றமன்று. இன்னும் முடியாத ஒரு வேலையே அது.

மற்றோர் உண்மையும் விளங்கிற்று. கழுத்து முற்றிலும் நேராக இருத்தலும் பொருந்தாது. அதிரும் தந்தி நடுவிடத்தில் அகன்று ஆடுகிறது. அந்த ஆட்டத்திற்கு இடம்விட்டு, கழுத்து இம்மியளவு குழிந்திருத்தல் வேண்டும். தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்தினால் தந்தியே நூல்பிடித்தாற்போல் நிற்கும். அப்போது எட்டாம் மெட்டருகே உள்ள இடைவெளியை அளக்கலாம். ஸ்கூட்டர் பழுதுபார்ப்பவர் டேப்பெட் இடைவெளி பார்க்கும் 'ஃபீலர் கேஜ்' தகட்டை இரவல் பெற்று அளந்தோம். 0.6 மில்லிமீட்டர் இருந்தது, 0.25 போதுமானது. ஆலன் கீயால் கால் திருகு முறுக்கி, ஓரிரவு விட்டு வைத்தோம். மறுநாள் மீண்டும் கால் திருகு. மரம் மெல்லவே இசைந்தது. விரைந்திருந்தால் கம்பி ஒடிந்திருக்கும். மூன்றாம் நாள் அளவு நேர்பட்டது. பன்னிரண்டாம் மெட்டின் உயரமும் 3.7 ஆகக் குறைந்தது.

அடுத்து, பிரிட்ஜின்மீது தந்திகளைத் தாங்கும் 'சேடில்'களை இறக்கினோம். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்ட நடுவில் உள்ளது. ஆகவே அங்கே 1 மில்லிமீட்டர் தாழ, இங்கே 2 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் இறக்கியதும் சேடில்கள் தரைதட்டிவிட்டன. உயரமோ இன்னும் 2.7! கழுத்து உடலோடு சேரும் கோணத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. கழுத்தைத் தனியே கழற்றி, அது பொருந்தும் குழியில் சரிவான மெல்லிய ஆப்பு வைத்தால் கழுத்து சற்றே பின்சாயும். அவ்வாப்பு ஒரு முனையில் அரை மில்லிமீட்டரும், மறுமுனையில் ஒன்றுமில்லாமலும் தேய்ந்திருத்தல் வேண்டும். இஃது எம் கைக்கு இயலும் வேலையன்று.

அன்று மாலை அத்தானிடம் சென்றோம். "மரத்தில் குற்றமில்லை அத்தான், குற்றம் எம் வாயில்தான்" என்றோம். அளவுகளை எழுதிய தாளை நீட்டினோம். நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தார். பின்னர், "கம்பியை முறுக்கணும்னு முன்னமே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும், மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அதே தேக்கு நிலையின் மிச்சத் துண்டிலிருந்து வெற்றிலை போன்ற மெல்லிய ஆப்பு ஒன்றை இழைத்தார். தடவிப் பார்த்தோம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எம் விரலுக்குத் தெரியவில்லை.

கழுத்தை மீண்டும் பூட்டியதும் சேடில்களுக்கு ஏறவும் இறங்கவும் இடம் கிடைத்தது. யாம் கெடுத்த எலும்புக் கட்டைக்குப் பதில் புதியதையும் அவரே செய்தார். தந்தியை இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கு இடையே அழுத்திப் பிடித்து, முதல் மெட்டின்மேல் மயிரிழை இடைவெளி தெரியும்வரை, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை சோதித்துச் சோதித்துத் தேய்த்தார். ஒரே ஒரு மெட்டு அண்டை மெட்டுகளைவிட உயர்ந்திருந்தது. அதனையும் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமன்செய்து, அதன் முதுகை மீண்டும் உருட்டினார். இறுதியாக, உயரம் மாறியதால் பிறழ்ந்த சுருதியைச் சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்தி நேர்செய்தோம். தடித்த தந்தி 2 மில்லிமீட்டரில் நின்றது. மெல்லியது ஒன்றரையில் நின்றது. பையன் அன்றிரவு ஒரு மணிநேரம் வாசித்தான். தந்தையார் வாயிற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் அவன் எழுந்துவந்து, "அப்பா, கை வலிக்கவே இல்லை" என்றான். அவர் அவனுடைய விரல்நுனிகளை விளக்கொளியில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

அன்பிற்குரிய மாணவர்களே! இவ்வேலையில் ஒரு வரிசைமுறை உண்டு. திருகுவது, இறக்குவது, ஆப்பு வைப்பது ஆகியவை வேண்டாதபோது மீட்டுக்கொள்ளத் தக்கவை. அரத்தால் தேய்ப்பதை மீட்க இயலாது. மீளத்தக்கவற்றை எல்லாம் செய்து பார்த்த பின்னரே மீளாததில் கை வைத்தல் வேண்டும். யாம் அவ்வரிசையைத் தலைகீழாக்கினோம். அரத்தை முதலில் எடுத்தோம். அதற்கும் முன்னே, சொல்லை எடுத்தோம். எலும்புக் கட்டை கெட்டபோது வேறொன்று செய்துகொள்ள முடிந்தது. ஒருவர் உழைப்பைப் பலர்முன் குற்றம் கூறிய சொல்லுக்கு அவ்வாறு மாற்றுக் கட்டை இல்லை. அத்தான் பொறுத்துக்கொண்டார், அவ்வளவே.

இந்நாளில் மாணவர் கட்டுரைகளைத் திருத்தச் சிவப்பு மையைத் திறக்குமுன் சற்றே தயங்குகின்றோம். முதலில் பென்சிலால் குறித்துக்கொள்கின்றோம்.