மஞ்சள் இறகு

அம்பு என்றதும் எவருக்கும் அதன் கூர்முனைதான் நினைவுக்கு வருகிறது. இராமபாணமாகட்டும், அர்ஜுனனுடைய பாணமாகட்டும், அது தைத்த இடத்தைப் பற்றித்தான் ஆவலோடு கதை கேட்கிறோம். அதன் பின்புறத்தில் பொருத்தியிருக்கும் இறகைப் பற்றி யார் விசாரிக்கிறார்கள்? ஆனால் அந்த இறகு இல்லாவிட்டால் அம்பு காற்றிலே தள்ளாடிக் குறுக்கும் நெடுக்குமாக எங்கேயோ போய் விழும். பின்னால் இருந்து காற்றைச் சற்றே தடுத்து, அம்பைச் சுழலச் செய்து, முனையை எப்போதும் முன்னோக்கியே வைத்திருப்பது இறகுதான். பின்னால் நின்றுகொண்டு பிறரை நேர்வழியில் செலுத்துவது உபாத்தியாயர்களாகிய நமக்கும் பிழைப்பாக இருப்பதால், இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பற்றுதல் ஏற்பட்டதில் வியப்பில்லை.

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் வசிக்கும் நம் தமையனார் இல்லத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். வில்லைக் கொண்டு மான் வேட்டையாடுவதற்கென்றே அந்த மாகாணத்தில் 1934-ம் வருஷத்தில் தனிப் பருவம் ஒன்று ஏற்படுத்தினார்கள். செப்டம்பரில் தொடங்கும் அந்தப் பருவத்துக்கு வேண்டிய அம்புகளை அவர் ஜூன் மாதமே தம் கொட்டகையில் தயார் செய்வது வழக்கம். மான் வேட்டையில் நமக்கு உற்சாகம் கிடையாது. ஆனால் கைவேலை நடக்கும் இடத்தைக் கண்டால் நம் கால் நகர்வதும் கிடையாது.

கொட்டகையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வான்கோழியின் இடச் சிறகின் இறகுகள். மற்றொன்றில் வலச் சிறகின் இறகுகள். இரண்டும் எதிரெதிராக வளைந்தவை. ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று இப்படிச் சுழற்றும், மற்றொன்று அப்படிச் சுழற்றும். "ஒரு வண்டியில் இரண்டு சாரதிகள் ஏறினால் என்ன ஆகும், உபாத்தியாயரே!" என்றார் பெரியவர்.

வான்கோழி எதற்கு என்று கேட்டோம். கழுகு, பருந்து போன்ற பறவைகளின் இறகை அந்நாட்டில் சட்டம் தொட விடாது. 1918-ம் வருஷத்துப் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தில் வான்கோழி சேரவில்லை. பண்ணைகளில் அதன் இறகு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. பழைய ஆங்கிலேயர் வாத்து இறகையே போற்றினார்கள். பின்னாளில் அரசியான எலிஸபெத்துக்குக் கல்வி கற்பித்த ரோஜர் ஆஸ்கம் என்பவர், 1545-ல் வில்வித்தையைப் பற்றி ஒரு நூலே எழுதி, அதில் வாத்து இறகுக்காக வாதாடியிருக்கிறார். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் அம்பின் இறகை ஆராய்ந்திருக்கிறார் என்பதில் நமக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நாள் அவர் சாயம் காய்ச்சினார். முதலில் வெள்ளை இறகுகளைச் சவுக்கார நீரில் அலசி எண்ணெய்ப் பசையைப் போக்கினார். பழுப்புப் பட்டை போட்ட இறகில் சாயம் மங்கித் தெரியும். வெள்ளையில்தான் நிறம் நிறமாக விளங்கும். பிறகு கம்பளிக்குப் போடும் சாயத்தை வெந்நீரில் கரைத்து, ஒரு கிண்ணம் வினிகர் விட்டார். பட்டு, கம்பளி, இறகு மூன்றும் புரதத்தால் ஆனவை. சாயம் அவற்றைப் பற்றிக்கொள்ளப் புளிப்பின் உதவி வேண்டும்.

"தண்ணீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்காத சூடு போதும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் இறகு சுருண்டு போய்விடும்" என்றார். வகுப்பறைக்கும் பொருந்தும் வாக்கியம் என்று மனத்தில் குறித்துக் கொண்டோம்.

வெளியே எடுத்த இறகுகள் மழையில் நனைந்த காக்கைக் குஞ்சுகளைப் போல் பரிதாபமாக இருந்தன. எல்லாம் பாழ் என்றே நினைத்தோம். அவர் சிரித்துவிட்டு, குளிர்ந்த நீரில் அலசி, பழைய செய்தித்தாளில் உலர்த்தினார். பின்னர் கெட்டிலிலிருந்து வரும் ஆவியில் ஒவ்வொன்றாகக் காட்டி விரலால் நீவிவிட்டார். இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை மறுபடி ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இறகு பழையபடி விரிந்தது. நிறம் மட்டும் மஞ்சள்.

அந்த மஞ்சளில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் அம்புக்கு மூன்று இறகுகள். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறம்; அதற்குச் 'சேவல் இறகு' என்று பெயர். அது வில்லுக்கு வெளிப்புறம் பார்க்கும்படி அம்பை நாணில் பொருத்தினால் மற்ற இரண்டும் வில்லில் அதிகம் உரசாமல் கடந்து போகும். மற்றவருடைய அம்புகளுக்கு நடுவே தன் அம்பை அடையாளம் காணவும், புல்லில் விழுந்ததைத் தேடி எடுக்கவும், பாய்ந்த அம்பு எங்கே பட்டது என்று அறியவும் சாயமே துணை.

சுவரில் தொங்கிய பழைய அம்புகளில் எல்லாம் சிவப்பு இறகு இருந்தது. "இந்த வருஷம் ஏன் மஞ்சள், ஐயா?" என்று கேட்டோம்.

"அந்தி வேளையில் முதலில் கறுத்துப் போகிற நிறம் சிவப்பு. அது எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு இப்போது பகலிலும் அந்தி" என்றார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம்.

அன்று மாலை இருபது கஜத்தில் வைக்கோல் இலக்கை நிறுத்தி, ஆறு மஞ்சள் அம்புகளை எய்தார். "நான் கேட்கும் வரையில் சொல்லாதீர்கள்" என்று நமக்கு ஆணை. ஒவ்வோர் அம்பும் தைத்த இடத்தை அவரே சொன்னார். நான்கு சரியாக இருந்தன. ஐந்தாவதற்கு வெகு நேரம் யோசித்தார். ஆறாவது போன பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அது இலக்கின் இடப்புறம் புல்லில் கிடந்தது. நாம் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வில்லின் நாணை மெல்லக் கழற்றினார்.

"அம்பு பட்ட இடம் தெரியாதவன் மானின்மேல் அம்பு விடக் கூடாது. காயத்தோடு ஓடுகிறதைத் தேடி அதன் வேதனையை முடிப்பது எய்தவன் கடமை. அதைச் செய்ய முடியாதவனுக்கு எய்யும் உரிமை ஏது?" என்றார்.

கை உறுதியாகத்தான் இருந்தது. குறியும் பெரும்பாலும் தவறவில்லை. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை. பிறர் வந்து சொல்லும் வரையில் பதவியை விடாதவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு, அந்தத் தீர்ப்பு நெடுநேரம் மனத்தை விட்டு அகலவில்லை.

மறு நாள் காலை கொட்டகையில் மீண்டும் ஆவி பறந்தது. பதினான்கு வயதுப் பேத்தி வந்திருந்தாள். அவளுக்காக ஆறு புதிய அம்புகள்! எந்த நிறம் வேண்டும் என்று பெரியவர் கேட்க, அவள் சற்றும் தயங்காமல் பச்சை என்றாள்.

"புல்லில் விழுந்தால் தெரியவே தெரியாதே!" என்று நாம் குறுக்கிட்டோம்.

பெரியவர் வினிகரை அளந்து விட்டுக்கொண்டே, "அவளுக்கு நல்ல கண், உபாத்தியாயரே. தேடிக்கொள்வாள்" என்றார்.