துணி கட்டிய செடி

முண்டு மிளகாயை விதைக்கு எடுக்கும்போது பழத்தைப் பார்க்கக் கூடாது, செடியைப் பார்க்க வேண்டும். பெரிய பழமாக ஒன்று மின்னினால் கை தானாகப் போகும். எருக்குழி ஓரத்தில் கொழுத்த செடியின் பழமாக அது இருக்கலாம். முதல் பறிப்பின்போதே காட்டைச் சுற்றிவந்து, இலை சுருளாமல், கிளை நன்றாகப் பிரிந்து, காயெல்லாம் ஒரே உருண்டையாக இருக்கும் செடிகளில் துணி கட்டிவிடுவேன்.

இந்த முண்டு மிளகாயின் சொந்தச் சீமை ராமநாதபுரம். அங்கே ஐப்பசி மழையை நம்பி மானாவாரியில் விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜலகண்டாபுரத்துக் கிணற்றுப் பாசனத்தில் நான் விளைவிக்கும் வத்தலை அந்தப் பெயரில் விற்க முடியாது, அது நியாயம்தான். இங்கே அது வெறும் குண்டு மிளகாய். தோல் தடிப்பு என்பதால் தாளிப்பில் சட்டென்று கருகாது.

மிளகாய்ப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் தேனீக்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துக் காட்டு நீட்டு மிளகாயோடு கலந்தது அந்தப் போகத்துக் காயில் தெரியாது. அதன் விதையை நட்டு, அடுத்த போகம் காய்க்கும்போதுதான் குண்டுக்கு நடுவே நீண்ட காய் தொங்கும். சான்று விதைக்கு 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதைச்சான்று விதி. சிறு விவசாயி அந்த இடைவெளிக்கு எங்கே போவான்? அதனால் துணி கட்டிய செடியில் நல்ல கிளையாகப் பார்த்து, விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மொட்டுகளோடு நைலான் வலைப்பை மாட்டுவேன். காலையில் கிளையை லேசாக உலுக்கினால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைப்பேன்.

செடியிலேயே நன்றாகச் சிவந்த பிறகுதான் பறிப்பது. குழிந்த புள்ளி விழுந்த பழம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். பழ அழுகல் விதையோடு அடுத்த நாற்றங்காலுக்கு வந்துவிடும். நிழலில் உலர்த்தி விதை பிரிக்கும்போது விரல் எரியும். காரம் மிகுதியாக இருப்பது விதையில் அல்ல, அது ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட வேண்டும்.

2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி விதையைச் சேமிக்கலாம், கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. நான் விற்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் பக்கத்துக் காட்டில் என்ன மிளகாய் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே விதையை அளப்பேன்.