விடைக்கு முன் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமில் என் மனைவிக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். 'காசநோயாக இருக்கலாம், மேற்பரிசோதனை தேவை' என்று சீட்டில் எழுதியிருந்தது. அன்றிரவே அவள் தன் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டாள். குழந்தையையும் அருகில் விடவில்லை. ஊரைவிட்டு வந்த நமக்கு, குடும்பத்தை நன்கறிந்த வைத்தியர் இங்கே யார் இருக்கிறார்?

மருத்துவப் பயிற்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் மறுவாரம் வந்தான். சீட்டைப் பார்க்குமுன், "சித்தி, எத்தனை நாளாக இருமல்?" என்று கேட்டான். இருமலே இல்லை. காய்ச்சலோ, உடல் மெலிவோ, வீட்டில் எவருக்கும் அந்நோயோ இல்லை.

"சோதனையின் விடையைப் படிக்குமுன், நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். இதுவே எங்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம், சித்தப்பா" என்று கூறி, ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினான்.

பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உடற்குறை எதுவும் சொல்லாத 1,000 பேரில் 10 பேருக்கு நோய் என்க. அவர்களுள் 9 பேரைச் சோதனை காட்டிவிடும். நோயற்ற 990 பேரிலும் 99 பேரைத் தவறாக நோயாளர் என்னும். ஆக, அஞ்சி நிற்கும் 108 பேரில் மெய்யான நோயாளர் 9 பேரே. பல நாள் இருமலோடு வந்த 1,000 பேரில் 100 பேருக்கு நோய் என்றாலோ, மெய் 90, பிழை 90, சரிபாதி. சோதனை ஒன்றுதான்; அதன் பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இக்கணக்கின் வித்து, தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் மறைந்தபின் 1763இல் வெளியான அவரது கட்டுரையாம்.

இதற்கு நம் பெங்களூரிலேயே சான்று உண்டு. பல்லாரி சாலையில், 1959இல் நிறுவப்பெற்ற தேசியக் காசநோய் நிலையம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் தும்கூர் மாவட்டத்தில் ஆராய்ந்து, காசநோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர் தாமே மருத்துவ உதவி நாடியிருந்ததை 1963இல் வெளியிட்டனர். மருத்துவமனைக்கு இருமலோடு வருவோரின் சளியை முதலில் சோதிப்பதே 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் அடிப்படையாயிற்று. தேடவேண்டிய இடத்தில் தேடினால், கிடைக்கும் விடையையும் நம்பலாம் அன்றோ?

"அப்படியானால் சீட்டைக் கிழித்தெறியலாமா?" என்றேன். "கூடாது சித்தப்பா! வாய்ப்புக் குறைவு என்றால் இல்லை என்பதன்று. இருமலே இன்றியும் இந்நோய் வருவதுண்டு" என்று சொல்லி, சளிப் பரிசோதனைக்கு அவனே அழைத்துச் சென்றான். நோய் இல்லை என்று தெரிந்தது. அன்றிரவு அவளுடைய தட்டு எங்கள் தட்டுகளோடு சேர்ந்தது.

அன்பர்களே, முகாம்களுக்குத் தவறாது செல்லுங்கள். சீட்டில் ஏதேனும் எழுதியிருந்தால், கலங்காமலும் அலட்சியம் செய்யாமலும் மருத்துவரிடம் காட்டி, "என்னைப் போன்றவருக்கு இதன் பொருள் என்ன?" என்று கேளுங்கள்.