வாசற்படியும் வடிகாலும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், ஒரே வாரத்தில், நகராட்சியிலிருந்து எங்கள் வீட்டிற்கு இரண்டு தாள்கள் வந்தன. பாதாள சாக்கடைக் கட்டணம் 4 ஆண்டுகளாக நிலுவையில் இருப்பதாகவும் உடனே செலுத்தவேண்டும் என்றும் முதல் தாள் கூறியது. வீட்டின் முன்னுள்ள படிகளும் சாய்தளமும் மழைநீர் வடிகாலை ஆக்கிரமித்திருக்கின்றன, 7 நாட்களுக்குள் அகற்றாவிடில் நகராட்சியே இடித்துச் செலவை வசூலிக்கும் என்றது இரண்டாவது.

எங்கள் வீட்டிற்குப் பாதாள சாக்கடை இணைப்பே கிடையாது. அந்தச் சாய்தளம் இல்லாமல் உம்மாவின் சக்கர நாற்காலி வெளியே வராது. எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உடன்பிறந்தோர் மூவரும் உம்மாவும் வாழும் வீடு இது. மனு எழுதியவர் யார், அலுவலகப் படியேறியவர் யார், வாய்தவறிப் பேசியவர் யார் என்று பிரித்துச் சொல்வதில் பயனில்லை. எனவே எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

கடற்கரையோர ஊர்களில் காணப்படும் பழைய வீடுதான் எங்களுடையது. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னால் பெண்கள் போய்வரும் முடுக்கு. வாப்பாவின் நிக்காஹ் நாளன்று எடுத்த புகைப்படத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படிகள் ஏறிச் செல்கின்றன. இன்றோ தெருவிலிருந்து வீட்டிற்குள் ஒரு படி இறங்கவேண்டும். பழைய தாரின் மேல் புதிய தார், அதன் மேல் சிமெண்டு என்று தெருதான் எங்கள் கண்முன்னே உயர்ந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். எங்கள் தெரு அதற்குள் உயர்ந்து முடிந்திருந்தது.

ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முற்றம்வரை வரத் தொடங்கியபோது கொத்தனாரை அழைத்தோம். அவர் வாசலில் ஓர் அடி உயரத் தடுப்புக் கட்டினார். அதில் ஏறி இறங்குவதற்காகத் திறந்த வடிகாலின் மேல் கான்கிரீட் பலகை போட்டுப் படிகள் அமைத்தார். உம்மாவைப் பக்கவாதம் தாக்கிய பின்பு அதே பலகையின் மீது சாய்தளமும் சேர்ந்தது. "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போட்டிருக்கு" என்றார் கொத்தனார். அது உண்மைதான். நாங்களும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

தாள்கள் வந்த அன்று இரவு, நம் பெயரைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. அந்தச் சந்தேகம் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாகத் தலைதூக்கும் என்பது நமக்குத் தெரியும். சில இடங்களில் அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் மறுநாள் விசாரித்தபோது, எங்கள் தெருவில் 14 வீடுகளுக்கு அதே அறிவிப்பு வந்திருந்தது. கோயிலை அடுத்த வீட்டிற்கும் வந்திருந்தது, தெருமுனை ரொட்டிக்கடைக்கும் வந்திருந்தது. இதைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், சிறிது ஏமாற்றமாகவே இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்ற நிலையில் ஒரு வசதி இருக்கிறது போலும்.

அடுத்து வந்தவர் தரகர். அலுவலகத்திற்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் எப்போதும் அமர்ந்திருப்பவர். "பாய், ரெண்டு பேப்பரையும் நான் பாத்துக்கறேன். ஒரு தொகை மட்டும் குடுத்துருங்க" என்றார். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், தன் உரிமையைக் காக்க வேறு வழியே இல்லாதபோது கொடுப்பவர் மீது குற்றமில்லை என்று அறிஞர்கள் சிலர் கடும் நிபந்தனைகளோடு கூறியிருப்பதும் எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அந்த அரைகுறை அறிவோடுதான் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாமிடம் போய் நின்றோம்.

ஹஜ்ரத் எங்கள் வாதத்தை முழுமையாகக் கேட்டார். பிறகு, "படி இருக்கிற இடம் உங்க இடம்தானா?" என்றார்.

"ஆமா ஹஜ்ரத். பாட்டனார் காலத்து வீடு."

"அளந்து பாத்தீங்களா?"

நாங்கள் அளந்ததில்லை. அவரும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

முதலில், 7 நாள் கெடு முடிவதற்குள் ஆணையருக்குப் பதில் எழுதினோம். நிலத்தை அளக்க அவகாசம் வேண்டும் என்று மட்டும் கேட்டு, நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெற்றுக்கொண்டோம். அறிவிப்பைக் கண்டு அஞ்சிப் பதிலே எழுதாமல் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: எங்களுக்கு அவகாசம் கிடைத்தது, அந்த ஒரு பக்கக் கடிதத்தால்தான்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். எங்கள் முதல் விண்ணப்பம் வீணானது. 'இணைப்பே இல்லாத வீட்டிற்கு ஏன் கட்டணம் விதித்தீர்கள்' என்று ஆவேசமாகக் கேட்டிருந்தோம். அந்தச் சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் பெற்றுத்தரும். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் கடமையில்லை. இரண்டாம் முறை, எங்கள் கதவு எண்ணுக்குரிய இணைப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டோம். 28ஆம் நாள் வந்தது. வைப்புத்தொகை செலுத்திய தேதி அதில் இருந்தது. இணைப்பு வழங்கிய தேதிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. எங்கள் பகுதியில் குழாயை ஆழமின்றிப் புதைத்திருந்தார்கள்; எங்கள் கழிவறைக் குழாய் அதைவிடத் தாழ்வில் இருந்ததால், இணைக்க முடியாது என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அன்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்து நாங்கள் அடைந்த மகிழ்ச்சி அளவற்றது.

சர்வேயர் வந்தது அதற்கு அடுத்த வாரம். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் பாட்டனாரின் கிரயப் பத்திரத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, பின்முடுக்கிலிருந்து அளந்து வந்தார். படிகளும் சாய்தளமும் முழுவதுமாகத் தெருவில் இருந்தன. அதோடு முடியவில்லை. திண்ணையின் விளிம்பே 9 அங்குலம் எல்லையைத் தாண்டியிருந்தது. அறிவிப்பில் திண்ணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சர்வேயரும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு, எதுவும் கூறாமல் கிளம்பினார்.

அதுவரை எங்களுக்குப் பிடித்தமான ஒரு நிகழ்ச்சி இருந்தது. அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு நீர்த்தாரை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் செல்லும் வழியில் இருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் அதிலிருந்து வழிந்த இரத்தம் கலந்த நீர் அவர்களது ஆடையில் பட்டுவிட, தாரையை அகற்றுமாறு உமர் (ரலி) உத்தரவிட்டார்கள். அதை அந்த இடத்தில் வைத்தவர்களே நபி (ஸல்) அவர்கள்தாம் என்று அப்பாஸ் (ரலி) தெரிவித்ததும், தம் முதுகின் மீது ஏறி நின்று அதை மீண்டும் பொருத்தும்படி உமர் (ரலி) அவர்களே வற்புறுத்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ள இந்த அறிவிப்பை, அதிகாரி குடிமகனிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அந்த ஒரு மாதமும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். கோட்டுக்கு அப்பால் நின்ற திண்ணையைப் பார்த்தபோது அதன் முற்பகுதி நினைவுக்கு வந்தது. நபியின் சிறிய தந்தையார் வீடாயினும், வழியில் செல்வோருக்கு இடையூறு என்று தோன்றியதும் அகற்றவே உத்தரவு வந்தது. அப்பாஸ் (ரலி) அவர்களிடம் சான்று இருந்தது. எங்களிடம் இருந்தது பழக்கம் மட்டுமே.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்பவரைப் பற்றிய நபிமொழியை மதரஸா நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். அண்டை வயலின் வரப்பை நகர்த்துகிறவர்களுக்கு உரியது என்றே அதை எண்ணியிருந்தோம். பொது வழியில் நீட்டிக் கட்டியதை முஹ்தஸிப் இடிக்கவேண்டும், கட்டியது பள்ளிவாசலாயினும் சரி என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-மாவர்தீ எழுதியிருப்பதை ஹஜ்ரத்தான் பின்னர் எடுத்துக் காட்டினார்.

அன்றிரவு எங்களுக்குள் பேரம் பற்றிய பேச்சு வந்தது. நகராட்சி செய்த தவறு எங்கள் கையில் எழுத்து வடிவில் இருக்கிறது. நிலுவையை ரத்து செய்து, படியையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டால் அவர்கள் இறங்கி வரக்கூடும். இது நடக்கக்கூடிய காரியம் என்பதுதான் அதில் ஆபத்து. அடுப்படி வாசலில் நாற்காலியில் இருந்த உம்மா, குழறும் நாவால், "அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற" என்றார்கள். சாய்தளம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களே இப்படிச் சொன்ன பிறகு, வாதாட எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

கட்டணத்திற்குத் தனி மனு, படிகளுக்குத் தனிக் கடிதம் என்று எழுதினோம். புரட்டாசி இறுதியில் கொத்தனார் மீண்டும் வந்து, தான் போட்ட பலகையைத் தானே உடைத்தார்.

பலகைக்குக் கீழே வடிகால் இல்லை. மண்ணும் பிளாஸ்டிக் பைகளும் கல்லும் சேர்ந்து முழங்கால் ஆழத்திற்கு இறுகிக் கிடந்தன. கட்டியபோது விழுந்த சிமெண்டுக் கட்டிகளும் அதற்குள் இருந்தன. எங்கள் வீட்டுச் சிமெண்டு. எங்களுக்கு முந்தைய வீட்டு மாமி முடுக்கு வழியாக வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் போக வழியின்றி எதிர்த்து ஏறி அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான் நின்றது. ஆண்டுதோறும் எங்களிடம் வந்து சொல்வார்கள். நகராட்சி தூர்வாருவதில்லை மாமி, மனு போடுவோம் என்று நாங்களும் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறோம். அன்று மாமி எங்களை ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல வேளை, மழைக்கு முன்னால எடுத்தீங்க" என்றார்கள். மன்னிப்புக் கேட்க அன்று மாலை உம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். பேச்சைத் தேநீரின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

திண்ணையில் பாதியை வெட்டி, சாய்தளத்தை வீட்டிற்குள்ளேயே இறக்கிக் கட்டினோம். எல்லை தாண்டியிருந்த 9 அங்குலமும் அதோடு போயிற்று. வாப்பா மஃரிபுக்குப் பிறகு சாய்ந்து அமரும் தூண் இப்போது இல்லை. கட்டண நிலுவையை ரத்து செய்து ஆணையரிடமிருந்து உத்தரவு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வைப்புத்தொகை இன்னும் வரவில்லை. தெருவின் உயரத்தைக் குறைக்கக் கோரி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் 14 வீட்டாரும் கையொப்பமிட்ட மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். கோயிலை அடுத்த வீட்டுக்காரர்தான் அதைப் பிழையில்லாமல் எழுதித் தந்தார்.

ஐப்பசியில் மழை வந்தது. மாமி வீட்டுக் கொல்லையில் தண்ணீர் நிற்கவில்லை. தெரு இன்னும் உயரத்தில்தான் இருப்பதால் எங்கள் முற்றத்தில் கணுக்கால் அளவு ஏறியது. சுபுஹுக்குப் பிறகு இறைத்துக்கொண்டிருந்தபோது மாமியின் பேரன் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டு மோட்டாரையும் குழாயையும் வைத்துவிட்டுப் போனான்.